நீங்கள் விழுங்கிய ஓர் எழுத்து

என் பிரியமான ஹெர்பர்ட்டுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த அரபிக்காரரையும் மணந்துகொள்ளவில்லை. அந்தச் செய்தி உங்களை எட்டியிருந்தால், அதில் உள்ள ஒரே உண்மை நான் அபுதாபியில் இருக்கிறேன் என்பதுதான்.

இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆகவே எங்கள் தமிழ் ஜெபக்குழுவும் வெள்ளிக்கிழமையே கூடுகிறது. சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் என் கைப்பையிலிருந்து மருத்துவ அட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்த பெண்ணுக்கு அரபி எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். "மார்கரெட் பின் ஹாலம்" என்று படித்தார். 'பின்' என்றால் இங்கே இன்னாரின் மகன் என்று பொருள். பெரிய குடும்பங்களின் பெயருக்கு முன்னால் அது வரும். அடுத்த வெள்ளிக்குள், "மார்கரெட் ஆன்ட்டி இனிமே நம்ம கூட்டத்துக்கெல்லாம் வருவாங்களா? பெரிய இடத்துக்குப் போயிட்டாங்களே" என்று பேச்சு கிளம்பிவிட்டது.

எனக்குக் கோபம் இல்லை. அரபுப் பெண்கள் மணமான பிறகும் தகப்பன் வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள், கணவர் பெயரை எடுத்துக்கொள்வதில்லை. இவ்வளவு நாள் இந்த ஊரில் இருந்துவிட்டு இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பேசுகிறார்களே என்றுதான் வருத்தம். வதந்தியானாலும் அதில் ஓர் ஒழுங்கு வேண்டாமா?

அந்த அட்டையில் இருப்பது உங்கள் பெயர்தான். பென்ஹாலம். அரபியில் 'பேப்பர்' என்பதில் வருகிற ப கிடையாது. 'பேட்டரி'யில் வருகிற ப மட்டும்தான் உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் இந்த வித்தியாசத்தை உங்களுக்கு எழுதிக் காட்டவும் வழியில்லை. எப்படியோ 'பென்' என்பது 'பின்' ஆயிற்று. 'ஹாலம்' தள்ளிப்போய் நின்றுகொண்டது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் பிறந்த பெயர், டைப் அடித்தவர் விட்ட ஒரு சின்ன இடைவெளியில் அரபுக் குடும்பமாகிவிட்டது.

ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நாம் சண்டை போட்டதெல்லாம் ஆங்கிலத்தில், சமாதானமானது தமிழில். இது சமாதானக் கடிதம்.

நீங்கள் அடிக்கடி வருகிறீர்கள். பகல் தூக்கத்தில்தான் வருகிறீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மருமகள் ஜெசிந்தாவும் குழந்தையும் உள்ளறையில் படுத்துவிடுவார்கள். ஜன்னல் ஏசி தனக்குள் ஏதோ முனகிக்கொண்டிருக்கும். ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் இங்கே கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கிறது. சாலை மறைந்துவிடும், பிறகு எதிர்க் கட்டடம், பிறகு கடல். எல்லாம் வெள்ளையான பிறகு அந்த வெள்ளைக்குள் நம் கோலார் தங்கவயலில் தங்கம் பிரித்த கழிவு மணல் மலையாகக் குவிந்த சயனைட் மேடு மெல்ல எழுந்து வரும். அதன் உச்சியில் நீங்கள் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, மடியில் ஒரு டெலிபோன் டைரக்டரியை வைத்துப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அந்தப் பழக்கம் அங்கேயும் போகவில்லையா? எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாகத் தபாலாபீசுக்குள் நுழைந்து டைரக்டரியில் 'பி' பக்கத்தைத் தேடுவீர்கள். சென்னையில், பம்பாயில், தேனிலவுக்குப் போன ஊட்டியில்கூட. நான் வெளியே பெட்டியோடு நின்றுகொண்டிருப்பேன். திரும்பி வந்து, "பென் கடைக்காரன் ஒருத்தன், அப்புறம் நேரா பென்ஷன் ஆபீஸ். நடுவுல நம்மாளு ஒருத்தனும் இல்லம்மா மாகி" என்பீர்கள். முகத்தில் ஏமாற்றமும் இருக்கும், கொஞ்சம் கர்வமும் இருக்கும். உலகத்திலேயே நாம் மட்டும்தானோ என்கிற கர்வம்.

நீங்கள் சொன்ன கதை எனக்கு மனப்பாடம். 'பென்' என்றால் கார்ன்வால்காரர்களின் பழைய மொழியில் தலை, அல்லது முனை. நாம் குமரிமுனை என்கிறோமே, அப்படி. 'ஹாலம்' என்பதற்கு உங்களுக்கும் அர்த்தம் தெரியாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒவ்வொன்று சொல்வீர்கள். அவர்கள் தகரமும் செம்பும் தோண்டத் தெரிந்தவர்கள். அங்கே சுரங்கங்கள் ஓய்ந்தபோது, உலகத்தில் எங்கே ஆழமாகக் குழி தோண்டினார்களோ அங்கெல்லாம் போனார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா ஜான் கோலாருக்கு வந்தார். ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார். கல்தூசி மார்பில் தங்கி, பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருக்கும்போதே இறந்துபோனார். கதை அங்கேயே நின்றுவிடும். நீங்கள் எழுந்து பைப்பைத் தட்டிச் சுத்தம் செய்வீர்கள். அதன் பிறகு என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

தங்கவயலில் அந்தப் பெயர் பட்ட பாடு வேறு. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜினில் நீங்கள் இருந்தபோது, கீழே இருந்தவர்களுக்கு நீங்கள் 'பென்னால தொரை'. நம் மகன் டேனியல் பள்ளிக்கூடம் போனபோது இன்னும் மோசம். 'பெண்ணாளும் வீடு' என்று பையன்கள் நம் வாசலில் கத்திக்கொண்டு ஓடினார்கள். நீங்கள் சிரித்தீர்கள். "உண்மையத்தானே சொல்றானுங்க" என்று என்னைப் பார்த்தீர்கள். நான் அன்று சாப்பாடு போடவில்லை.

ஆனால் வெளியாட்களைவிட நீங்கள்தான் எனக்குப் பெரிய தொந்தரவு. பெங்களூர் கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எங்களை வரிசையாக நிறுத்தி, முகத்துக்கு நேராக ஒரு மெழுகுவர்த்தியைப் பிடிப்பார்கள். ஹ என்று சொன்னால் சுடர் ஆட வேண்டும். ஆடாவிட்டால் மறுபடியும். அப்படி வளர்ந்தவள் நான். நம் திருமணத்தன்று பீடத்துக்கு முன்னால் உங்கள் பெயரைச் சொன்னீர்கள். அத்தனை மெழுகுவர்த்திகளில் ஒரு சுடர்கூட அசையவில்லை. "எர்பட் பெனாலம்."

அன்று ஆரம்பித்த வேலையை நான் கடைசிவரை விடவில்லை. "எழுத்து இருக்கிறதே, ஏன் விழுங்குகிறீர்கள்?" என்பேன். "எங்க வீட்ல அப்படித்தாம்மா சொல்வாங்க" என்பீர்கள். அது ஒரு பதிலா? சுரங்கக் காலனியின் கொச்சை என்று நினைத்தேன். டேனியலுக்கு நாக்கு திரும்பியதும் நானே உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தேன். பென். ஹாலம். நடுவில் மூச்சு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். நிறம் ஜெசிந்தாவுடையது. அதட்டல் யாருடையது என்று எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

பிறந்த வாரத்திலேயே டேனியல் என்னிடம் வந்து உட்கார்ந்தான். முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு பணிமனை முழுவதையும் மேய்ப்பவன், என் எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு நம் குடும்பப் பெயர் வேண்டாம், தகப்பன் பெயரை மட்டும் போட்டால் போதும் என்றான். ஜெசிந்தாவின் தூத்துக்குடிப் பக்கத்தில் எல்லோருக்கும் ஓர் எழுத்து இனிஷியல்தான், அதிலேயே ஆயுசு ஓடிவிடுகிறது என்றான். பெண் குழந்தைதானே, நாளைக்குக் கல்யாணமானால் எப்படியும் மாறப்போகிற பெயர் என்றான். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில்தான் உள்ளே இருந்ததைச் சொன்னான்.

குவைத்தில், மங்காஃபில் குடியிருந்தபோது, ஒரு பெரிய வேலைக்கு எழுதிப் போட்டானாம். டெலிபோனில் 'மிஸ்டர் பென்ஹாலம், மிஸ்டர் பென்ஹாலம்' என்று அவ்வளவு மரியாதை. நேரில் போய் உள்ளே நுழைந்ததும், அந்த வெள்ளைக்காரர் எழுந்து, இவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாராம். பிறகு பேசிய நேரமெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாராம்.

"பென்னுன்னா தலைன்னு டாடி சொல்வாரு. எனக்கு அது தலைவலி மம்மி. வெள்ளைக்காரன் என்னைப் பாத்து ஏமாந்து போறான், அரபிக்காரன் கார்டப் பாத்துட்டு அரபியில பேசுறான், நம்மாளுங்க சிரிக்கிறாங்க. என் பொண்ணுக்கு இது வேணாம். கலாஸ்."

கலாஸ் என்றால் இங்கே முடிந்தது என்று அர்த்தம். அவன் எழுந்து போன பிறகு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெயரில் மிச்சம் இருப்பது நானும் அவனும்தான். நான் உங்களிடம் வாங்கியவள். அவனோடு நின்றுவிட்டால், நீங்கள் எத்தனை டைரக்டரி புரட்டினாலும் இனிமேல் நடுவில் யாரும் இருக்கப்போவதில்லை. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? வந்தீர்கள். சயனைட் மேட்டில் உட்கார்ந்து ஏதோ சொன்னீர்கள். பாதியை விழுங்கிவிட்டீர்கள். எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் கண் பரிசோதனைக்குப் போனேன். காத்திருக்கும் அறையில் எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். கண்ணில் மருந்து ஊற்றியிருந்தார்கள். விளக்குகளைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்தது, மனிதர்களுக்கு விளிம்பே இல்லை. குமாஸ்தா கோப்பைப் பார்த்து அரபியில் கூப்பிட்டார்: "பின் ஹாலம்."

எழுந்தேன். எதிர் வரிசையில் இன்னொருவரும் எழுந்தார்.

உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும், கையில் ஒரு துணித் தொப்பி. மருந்து ஊற்றிய கண்ணுக்கு அவர் புகைக்குள் நிற்பதுபோல இருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். குமாஸ்தா, ஒருவர் போதும் என்று விரலைக் காட்டினார். நான் என் அட்டையைத் திருப்பி, ஆங்கில எழுத்து இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பெண்மணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு மெல்ல, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

"பெனாலம்."

ஹெர்பர்ட், நான் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் குரல் இல்லை அது. மெலிந்த, வயதான பெண் குரல். ஆனால் அந்த வார்த்தை உங்களுடையது. அதே இடத்தில் அழுத்தம், அதே இடத்தில் விழுங்கல். மெழுகுவர்த்தி இருந்திருந்தால் அசைந்திருக்காது.

அவர் பெயர் மிஸ் ஐவி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மகன் இங்கே எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறான், குளிர்காலத்துக்கு அவனிடம் வந்திருக்கிறார். அவருடைய அட்டையை அலுவலகத்தில் யாரோ பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்துக் கொடுத்ததால், அவரும் 'பின் ஹாலம்' ஆகியிருக்கிறார். எங்கள் இருவருக்கும் முறை தவறிப்போனது. கேன்டீனில் உட்கார்ந்துகொண்டோம். நான் அவர் முகத்தில் உங்கள் காது மடலைத் தேடினேன். இல்லை. அவர் என் முகத்தில் எதையும் தேடவில்லை; கதவையும் பார்க்கவில்லை.

அவர் ஊரில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையில் இதே பெயரில் ஒரு பண்ணை வீடு இருந்ததாம். இப்போது கூரை இல்லை, சுவர்தான். மழை வந்தால் ஆடுகள் உள்ளே ஒதுங்குமாம். அந்தப் பெயரோடு அங்கே மிச்சம் இருப்பது இவரும் இந்தத் தம்பி மகனும்தான். மற்றவர்கள் மண்ணுக்கு அடியில், அல்லது கடலுக்கு அப்பால். கடலுக்கு அப்பால் போனவர்களை வீட்டில் ஊர்ப்பெயர் சேர்த்துத்தான் சொல்வார்களாம். வெள்ளி தோண்டப் போனவர் மெக்சிகோ வில்லியம். செம்புக்குப் போனவர் ஆஸ்திரேலியா டாம். ஆப்பிரிக்காவுக்கு இரட்டையர் இருவர். மெக்சிகோவில் அந்தப் பெயரை இப்போது ஸ்பானிய மொழியில் எழுதுகிறார்களாம், பார்த்தால் நமக்கே அடையாளம் தெரியாதாம்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு முனையிலிருந்து ஒரு சொல் புறப்பட்டு, மனிதர்கள் குனிந்து நுழையும் இருட்டுகளிலெல்லாம் போய் ஒட்டிக்கொள்வது எனக்கு அப்படியே தெரிந்தது. கண்மருந்தின் வேலையாகவும் இருக்கலாம். நீங்கள் தபாலாபீஸ் தபாலாபீஸாகத் தேடியது அத்தனையும் ஒரு காகிதக் குவளைத் தேநீருக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

"அப்புறம் இந்தியாவுக்குப் போனவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லை" என்றார்.

"ஜான்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா? உங்கள் சார்பில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜான், ஜான் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அதே ஜான்தான் என்று சத்தியம் செய்ய எங்கள் இருவராலும் முடியாது. ஆனாலும் காலியாக இருந்த இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரை மணந்தார்?"

"ஒரு தமிழ்ப் பெண்மணியை" என்றேன்.

"சரி. அந்தப் பெண்மணியின் பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறேன். பென் என்றால் முனை என்று தெரியும். ஜான் எந்தக் கல்தூசியில் இறந்தார் என்று தெரியும். அவருடைய மனைவி பெயர் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் சொல்லாமல் விட்டீர்களா, இல்லை உங்களிடமும் யாரும் சொல்லவில்லையா?

திரும்பும்போது டாக்ஸி கடற்கரைச் சாலை வழியாக வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் அந்த அம்மாள் வந்தார். முகம் இல்லை. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. புருஷன் போய்விட்டார். பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். பிள்ளைகளுக்குத் தன் பக்கத்துப் பெயர் வைத்து, இந்தக் கரடுமுரடான சொல்லை உதறியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவர் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய், உயரமான மேசைக்கு முன்னால் நிற்கிறார். தகப்பன் பெயர் என்ன என்று உள்ளேயிருந்து கேட்கிறார்கள். அந்த அம்மாளுக்கு எழுதத் தெரிந்திருக்காது. காதில் இருந்ததைச் சொல்கிறார், புருஷன் தன்னிடம் எப்படிச் சொன்னாரோ அப்படியே. இதெல்லாம் நானாக நினைத்துக்கொண்டது. ஆனால் யாரோ ஒருவர் அப்படி ஒரு மேசைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்காவிட்டால் உங்களுக்கு அந்தப் பெயர் ஏது? "எங்க வீட்ல அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றீர்களே, அது பதில்தான்.

இருந்தாலும் எழுத்தில் ஹ உண்டு. சொல்லும்போது இல்லை. ஆகவே நானும் பாதி சரி. இதற்கு மேல் நான் இறங்கி வர முடியாது.

டேனியலிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவதாக ஆகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் டெலிபோன் அடித்தது. அவன் எடுத்தான். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டான்.

"மம்மி, யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா. மிஸஸ் பெனாலம் இருக்காங்களான்னு கேக்குறாங்க."

"யார் அப்படிச் சொன்னது?"

"அவங்கதான் சொல்றாங்க. டாடி மாதிரியே. அச்சு அசலா, 'எச்' எழுத்த முழுங்கிட்டு."

அவன் ரிசீவரை என்னிடம் கொடுக்கவில்லை. அவனே பேசினான். என்ன பேசினார்கள் என்று முழுவதும் தெரியாது; பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தான். உங்களைப் பற்றிச் சொன்னான், வைண்டிங் இன்ஜினைப் பற்றிச் சொன்னான். மெக்சிகோ வில்லியம் வந்தபோது சிரித்தான். வைத்த பிறகு உள்ளறைக்குப் போனான். சிறிது நேரம் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வியர்த்த ஜன்னலுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். பெனாலம், பெனாலம் என்று அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். தூங்கவைக்கிற சொல்லாக அது அவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சாப்பாட்டு மேசையில் ஜெசிந்தாதான் ஆரம்பித்தாள். அவளுக்கு நான் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தேன்.

"அத்தை, ஊர்ல பெண்ணாளும் வீடுன்னு கேலி பண்ணுனாவன்னு சொல்லுதீயள்லா. பொம்பளப் பிள்ளைக்கு இதவிட நல்ல பேரு எங்க போய்த் தேட?"

டேனியல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்க ரெண்டு பேரையும் பாத்தா ஏற்கெனவே ஆளுற மாதிரிதான் இருக்கு" என்றான். சற்று நேரம் கழித்து, "மம்மி, நாளைக்கு முசஃபா வர்றீங்களா? டைப்பிங் சென்டர்ல வேலை இருக்கு" என்றான்.

அரசாங்கப் படிவங்களை அரபியில் அடித்துக் கொடுக்கும் அந்தக் கடை, அவன் பணிமனைக்கு எதிரே. வெல்டிங் பொறியும் லாரிப் புகையுமாக இருக்கிற தெருவில், அரபி டைப்ரைட்டரோடு சிக்கந்தர் பாய் உட்கார்ந்திருக்கிறார். கீழக்கரைக்காரர். டேனியல் பாஸ்போர்ட்டை நீட்டியதும் பார்க்காமலே சொன்னார்.

"தம்பிக்கு 'பின் ஹாலம்'தானே. நாந்தானே அடிச்சுக் குடுத்தேன். பிள்ளைக்கும் அப்புடியே போட்டுர்றேன்."

"ஏன் பாய் ரெண்டாப் பிரிச்சீங்க? அது ஒரே பேரு."

"நீங்க அன்னைக்கி எப்புடிச் சொன்னியளோ அப்புடி அடிச்சேன். பென்னுன்னு நிறுத்தி, மூச்சுப் பிடிச்சு, ஹாலம்னு தனியா தள்ளுனிய. நம்ம காதுக்கு பின் ஹாலம்னுதானே விழும்?"

டேனியல் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எங்க மம்மி சொல்லிக் குடுத்தது" என்றான்.

"அப்ப அம்மாவே சொல்லட்டும். நீங்க சொல்றத நான் அடிக்கிறேம்மா. மெதுவாச் சொல்லுங்க."

மேசை உயரமாக இருந்தது. நான் கைப்பையை அதன் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். எனக்கு வாய் வரவில்லை, ஹெர்பர்ட். வாழ்நாள் முழுவதும் ஒரு மூச்சை அந்த இடத்தில் வைத்துப் பழகிவிட்டேன். எடுத்தால் கீழே விழுந்துவிடும்போல இருந்தது. வெளியே யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் நிற்கும்வரை காத்திருந்தேன்.

"பெனாலம்" என்றேன்.

சிக்கந்தர் பாய் வலமிருந்து இடமாக அடித்தார். நடுவில் இடைவெளி இல்லை. ஒரே சொல். காகிதத்தை உருவி டேனியலிடம் காட்டினார். ஆங்கிலப் பக்கத்தில் எச் அதன் இடத்திலேயே இருந்தது. அதை நான் சரிபார்த்தேன்.

"பிள்ளைக்கு இப்புடி, உங்களுக்கு அப்புடின்னு இருந்தா நாளைக்கு ஆபீஸ்ல கேள்வி வரும் தம்பி" என்றார்.

"அப்ப என்னோடதையும் திருத்துங்க பாய். மம்மியோடதையும்."

"அலைச்சல் இருக்கே."

"அலையுறேன்" என்றான் உங்கள் மகன்.

ஆக, ஜெபக்குழுவுக்கு என்னைப் பற்றிப் பேச இனிமேல் வேறு ஏதாவது தேட வேண்டியிருக்கும். மிஸ் ஐவி போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். அது அவர் தொப்பியைப் பிடித்து இழுத்தது. இந்தியாக்காரர்களின் ஞாபகமாக எதையாவது கூரையில்லாத அந்த வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம். சயனைட் மேட்டு மணலில் ஒரு பிடி கேட்கிறார். அதை எப்படி விமானத்தில் அனுப்புவது?

குழந்தைக்குச் சான்றிதழில் ஆன் என்று ஒரு பெயர் இருக்கிறது. வருகிற மாதம் ஞானஸ்நானம். அப்போது வைப்பதற்கு இன்னொரு பெயரை நிரப்பாமல் விட்டிருக்கிறோம். டேனியல், ஜெசிந்தா, நான் மூவரும் சேர்ந்து செய்த முடிவு. அந்த இடம் ஜானின் மனைவிக்கு.

நீங்கள் இப்போது அந்த அம்மாள் இருக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் வழக்கப்படி பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்காமல், எழுந்து போய் நேரிலேயே கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். தொப்பியை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஞானஸ்நானத்தன்று எரிகிற மெழுகுவர்த்தி என் கையில்தான் இருக்கும். அந்த அம்மாளின் பெயரைக் கோவில் முழுவதும் கேட்கும்படி சொல்வேன். அதோடு சேர்த்து நம் பெயரையும் சொல்வேன். சுடர் அசையாது.

அந்தப் பெயரை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். கனவில் வந்து சொல்ல வேண்டாம். அங்கேயும் பாதியை விழுங்கிவிடுகிறீர்கள். தமிழிலேயே எழுதுங்கள், ஒரு வரி போதும்.

உங்கள் மனைவி,
மார்கரெட் பென்ஹாலம்